கதிர்ப்பாத்திரத்தின் ஏழாவது கல்

1. பழக்க தோஷம்

எங்கள் லேபுக்கு எந்தக் கல் வந்தாலும் முதலில் கழுவுவோம். விரல் எண்ணெய், சோப்பு, சந்தனம், குங்குமம் எல்லாம் கல்லின் முகத்தில் அப்பியிருந்தால் மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது. இருபத்தாறு வருடமாக மதுரையில் ரத்தினக்கல் சோதிக்கிற வேலை பார்க்கிறேன். எத்தனை கல்லைக் கழுவியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்தப் பழக்க தோஷத்தில் ஒரு நாள் அசிட்டோனில் பஞ்சுக் குச்சியை நனைத்து ஒரு கல்லைச் சுற்றித் துடைத்தேன். அந்தத் துடைப்பும், அதற்குப் பிறகு என் வாயிலிருந்து வந்த இரண்டு வார்த்தையும் சேர்ந்து ஒரு மனிதரைக் கம்பி எண்ண வைத்திருக்கும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அதை எழுதுகிறேன். எனக்குப் பெருமை சேர்க்கிற கதை இல்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம். பேரையூர்ப் பக்கம் பருத்திக்காட்டுக் குடும்பம். மதுரையில் ஜியாலஜி படித்தேன். "நாம காட்டுல கெடக்குற கல்லப் பொறுக்கி வெளிய எறியிற ஆளுக. நீ கல்லப் பாத்துச் சம்பளம் வாங்குற" என்று அப்பா கடைசி வரைக்கும் சிரித்தார். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம், பொறுமை கொஞ்சம் குறைவு. இரண்டும் இந்தக் கதைக்கு வேண்டும் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

அன்றைக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் வாடிப்பட்டிக்கு உள்ளே இருக்கிற ஒரு ஊரின் கத்தோலிக்கக் கோயில் பங்குச் சாமியார், முப்பத்தைந்து வயது இருக்கும். இன்னொருவர் ஆரோக்கியசாமி சார், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், கோயில் காரியங்களைப் பார்க்கிற பங்குப் பேரவையின் துணைத் தலைவர். சாமியார் ஒரு பெட்டியைத் திறந்து, வெள்ளைத் துணியைப் பிரித்து, கதிர்ப்பாத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தார். நற்கருணை என்கிற பூசை அப்பத்தை நடுவில் வைத்துப் பவனியாகக் கொண்டுபோகிற பாத்திரம் அது. வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசியது. சூரியக் கதிர் மாதிரி சுற்றிலும் தகடுகள். நடுக் கண்ணாடியைச் சுற்றிக் கடிகார எண்கள் இருக்கும் இடங்களில் பன்னிரண்டு சிவப்புக் கற்கள். ஒவ்வொன்றையும் நான்கு சின்ன நகங்கள் கவ்விப் பிடித்திருந்தன.

"நான் தொடலாமா பாதர்?" என்று கேட்டேன்.

"தாராளமா. உள்ள நற்கருணை இல்ல. கல்ல மட்டும் கழட்டிடாதீங்க மேடம், மேலிடத்து உத்தரவு."

முலாம் மங்கிவிட்டது என்று நகைக்கடை பஜாரில் ஒரு கடைக்குக் காட்டப் போயிருக்கிறார்கள். கடைக்காரர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, ஏழு மணி இடத்தில் இருக்கிற கல் மட்டும் சரியில்லை என்று சொல்லியிருக்கிறார். அதுதான் வந்த காரணம்.

ஆரோக்கியசாமி சார் நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். "எங்க தாத்தா ரங்கூன்ல கடை வெச்சிருந்தவரு. இந்தப் பன்னெண்டு கல்லும் அவரு கோயிலுக்குக் குடுத்தது. பன்னெண்டும் பர்மா மாணிக்கம். எங்க வீட்டுல இது தெரியாத பிள்ளை கிடையாது."

நான் பஞ்சுக் குச்சியை எடுத்தேன். அந்த ஏழாவது கல்லைச் சுற்றி விளிம்பில் வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது. அழுக்கு என்று துடைத்தேன். பிறகு மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. மண்ணுக்குள் வளர்ந்த மாணிக்கத்தில் வளர்ச்சிக் கோடுகள் நேராகக் கோணம் கோணமாக ஓடும். தீயில் உருக்கிச் செய்த கல்லில் அவை வளைந்திருக்கும், தோசைக்கல்லில் கரண்டியால் மாவைச் சுற்றின தடம் மாதிரி. ஏழாவது கல்லில் தோசைத் தடம். சந்தேகம் வேண்டாம் என்று எக்ஸ்ஆர்எஃப் கருவியிலும் பார்த்தேன். எந்தெந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிற கருவி. இயற்கை மாணிக்கத்தில் காலியம் என்று ஒரு உலோகம் துளியாவது ஒட்டிக்கொண்டிருக்கும். இதில் இல்லை.

"செயற்கைக் கல் சார்."

"அப்ப நல்ல கல்ல எடுத்துட்டு இத மாத்தி வெச்சிருக்காய்ங்க."

"அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அந்த இரண்டு வார்த்தைதான். அடுத்த வாடிக்கையாளர் வெளியே காத்திருந்தார். ரிப்போர்ட்டில் 'ஏழாவது கல் செயற்கை, மாற்றப்பட்டது' என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

2. "இருந்தேன்"

ஒரு வாரம் கழித்து மதிய நேரத்தில் ஒருவர் வந்து வாசலில் நின்றார். வெள்ளை வேட்டி, அறுபதுக்குப் பக்கத்தில் வயது. நான் சாப்பிட்டு முடிக்கும் வரை உள்ளே வரவே இல்லை.

"வாங்கண்ணே, என்ன கல்லு?"

"கல்லு இல்ல மேடம். எம் பேரு அந்தோணிமுத்து. கதிர்ப்பாத்திரம் வந்துச்சுல்ல, அந்தக் கோயில்ல கோயில்பிள்ளையா இருந்தேன்."

கோயில்பிள்ளை என்றால் கோயிலைத் திறந்து, மணி அடித்து, பூசைச் சாமான்களைத் துடைத்து வைக்கிறவர். அவர் "இருந்தேன்" என்று சொன்னதை நான் கவனித்தேன்.

"முப்பத்தி ரெண்டு வருசமா அலமாரிச் சாவி எங்கிட்டத்தான் மேடம். உங்க ரிப்போட்டு வந்த அன்னைக்கே வாங்கிட்டாங்க. திருவிழா முடிஞ்சதும் ஸ்டேசன்ல எழுதிக் குடுக்கப் போறாங்களாம். கோயிலுக்குப் பின்னாடி இருக்குற வீட்டையும் காலி பண்ணணும். பொண்டாட்டி தெருக்குழாய்க்குத் தண்ணி எடுக்கப் போக மாட்டேங்குறா. மகளக் கட்டிக்குடுத்த ஊரு வரைக்கும் சேதி போயிருச்சு."

பதில் தெரியாத நேரத்தில் எனக்குக் கோபம்தான் வரும். "நான் கல்ல மட்டும்தான் பாத்தேன்ணே. உங்களப் பத்தி ஒண்ணும் எழுதல" என்றேன்.

"தெரியும் மேடம். ஒரு சந்தேகம், கேட்டுட்டுப் போறேன். அந்தக் கல்லு செஞ்ச கல்லுன்னு உங்க மிசினு சொல்லிருச்சு. சரி. அது அந்தப் பாத்திரத்துக்கு எப்ப வந்துச்சுன்னு சொல்லுமா?"

"சொல்லாது."

"அப்ப யாரோ மாத்திட்டாகன்னு மட்டும் எப்பிடிச் சொன்னீங்க?"

குரலை உயர்த்தவில்லை. நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. முகத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. தீயில் கல் செய்கிற வித்தை நேற்று வந்ததில்லை. நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. வந்த புதிதில் அந்தக் கற்கள் பர்மாவின் சந்தைகளிலேயே நல்ல மாணிக்கத்தோடு கலந்து விற்பனையாயின என்று நானே மாணவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். செயற்கை என்றால் புதுசு என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. என் வாய்க்கொழுப்பில்தான் இருந்தது.

"உக்காருங்கண்ணே. டீ சாப்பிடுங்க" என்றேன்.

"வேணாம் மேடம். பஸ்ஸு இருக்கு, வாரேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

3. ஆயிரத்து எண்பத்தாறு

அன்று சாயங்காலமே சாமியாருக்குப் போன் போட்டேன்.

"பாதர், பாத்திரத்த இன்னொரு தடவ கொண்டு வாங்க. மத்த பதினொரு கல்லும் எந்த ஊர்க் கல்லுன்னு பாக்கணும். கட்டணம் கிடையாது."

"எதுக்கு மேடம்? கெட்டது ஒண்ணுதானே?"

"கூட இருக்குற பதினொண்ணும் எங்கருந்து வந்துச்சுன்னு தெரியாம அந்த ஒண்ணப் பத்தி நான் பேசியிருக்கக் கூடாது. பேசிட்டேன்."

"நானும் பக்கத்துல உக்காந்து பாக்கலாமா? செமினரிக்குப் போறதுக்கு முந்தி பி.எஸ்சி. பிசிக்ஸ் முடிச்சேன்" என்றார். திருவிழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது.

ஒரு கல் எந்த மண்ணில் பிறந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாத்திரத்திலிருந்து கழற்ற முடியாது, உடைக்க முடியாது, சுரண்ட முடியாது. பழைய பொருட்களில் எப்போதும் இந்த வம்பு உண்டு. அதனால் வெளியிலிருந்தே மூன்று கேள்வி கேட்போம். முதல் கேள்வி உலோகம். தாய்லாந்து மாணிக்கத்தில் இரும்பு நிறைய இருக்கும். பர்மா மாணிக்கம் சலவைக்கல்லுக்கு நடுவில் பிறப்பதால் இரும்பு மிகக் குறைவு, வனேடியம் கூடுதல். இரண்டாவது, புற ஊதா விளக்கு. இரும்பு குறைவாக இருந்தால் கல் நெருப்புத் துண்டாகச் சிவந்து எரியும். மூன்றாவது, கல்லுக்குள் சிக்கியிருக்கிற மற்ற கனிமங்கள். பிறந்த வீட்டுச் சீதனம் மாதிரி, ஊர்ப் பொருளில் கொஞ்சத்தை உள்ளே வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு கல்லும் வரும். சலவைக்கல்லில் பிறந்ததென்றால் உள்ளே கால்சைட் இருக்கும். கால்சைட் என்பது வேறொன்றுமில்லை, சுண்ணாம்பு வகைதான்.

அதைக் கண்டுபிடிக்க ராமன் கருவி. லேசர் ஒளியைப் பட வைத்தால் ஒவ்வொரு பொருளும் திரையில் தனக்கென்று கோடுகளை வரையும். ஒன்றின் கோடு இன்னொன்றுக்கு வராது. கால்சைட்டின் பெரிய கோடு ஆயிரத்து எண்பத்தாறில் வரும். என் பிள்ளைகளின் பிறந்த நாள் மறந்தாலும் அந்த எண் எனக்கு மறக்காது.

முதல் கல்லில் இரும்பு குறைவு, வனேடியம் உண்டு, விளக்கில் எரிந்தது. ராமன் கருவியின் முனையைக் கல்லில் வைத்தேன். ஆயிரத்து எண்பத்தாறில் கோடு எழுந்து நின்றது.

"பர்மாவா மேடம்?"

"அவசரப்படாதீங்க. வியட்நாம்லயும் இப்பிடிக் கல்லு உண்டு. ஆனா அங்க தோண்ட ஆரம்பிச்சதே பின்னால, இந்தப் பாத்திரம் செஞ்சு பல வருசம் கழிச்சு. அதனால பர்மாவோட ஒத்துப்போகுதுன்னு எழுதலாம்."

"ஆமான்னு சொல்ல மாட்டீங்க."

"இனிமே மாட்டேன்."

இரண்டாவது கல், மூன்றாவது கல் என்று வரிசையாக வைத்தேன். எல்லாவற்றிலும் அதே கோடு. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆரோக்கியசாமி சாரின் தாத்தா சொன்னது உண்மை என்று ஆகிக்கொண்டிருந்தது. ஏழாவதை விட்டுவிட்டு எட்டுக்குப் போகலாம்தான். அது செயற்கை என்று ஏற்கெனவே தெரியும். வரிசையை விடுவானேன் என்று அதன் மேலும் முனையை வைத்தேன்.

ஆயிரத்து எண்பத்தாறில் ஒரு கோடு எழுந்தது. மற்றவற்றைவிடச் சின்னது. ஆனால் அதே இடம்.

"இதுவும் பர்மாதானா?" என்று சாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தீயில் உருக்கிச் செய்த கல்லுக்குள் சுண்ணாம்பு எப்படி இருக்கும்? அந்தச் சூட்டில் எதுவும் மிஞ்சாது. மூன்று முறை திரும்ப வைத்துப் பார்த்தேன், மூன்று முறையும் வந்தது. கருவி கெட்டுவிட்டதோ என்று வெறும் மேசைமேல் வைத்தேன், கோடு இல்லை. கருவி சரி. அப்படியென்றால் நான் காலையிலிருந்து "உள்ளே இருக்கிறது" என்று நினைத்த சுண்ணாம்பு உள்ளே இல்லை. கல்லுக்கு வெளியில் எங்கேயோ இருக்கிறது.

"பாதர், காலையிலருந்து நான் எழுதுனதுல பாதி தப்பு" என்றேன்.

அவருக்கு ஒரே சந்தோஷம். "அப்ப அது எங்கருந்து வருது?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

4. ரோஸ் கலர்

லேசர் ஒளி பட்ட வட்டம் கல்லைவிடக் கொஞ்சம் பெரியது. அதனால் விளிம்பும் சேர்ந்து பதிவாகியிருக்கிறது. முதல் கல்லின் விளிம்பை மைக்ராஸ்கோப்பில் பெரிதாக்கிப் பார்த்தேன். கல்லுக்கும் வெள்ளிக்கும் நடுவில் இருக்கிற மயிரிழைச் சந்தில் வெள்ளையாக இறுகிப்போன தூள். எட்டாவதில், ஒன்பதாவதில், எல்லாவற்றிலும் அதே தூள். அதாவது, போன தடவை அழுக்கென்று நான் ஏழாவதிலிருந்து துடைத்து எறிந்தது.

அந்தோணிமுத்துவின் நம்பரைச் சாமியாரிடம் வாங்கி, ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணே, அந்தப் பாத்திரத்த எத வெச்சுத் துடைப்பீங்க?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம்தான் கேட்டது.

"அண்ணே?"

"பாதர் பக்கத்துல இருக்காங்களா மேடம்?"

"இருக்கேன் அந்தோணிமுத்து. பரவால்ல, சொல்லுங்க" என்றார் சாமியார்.

"மன்னிச்சிருங்க சாமி. பல்பொடி. வெள்ளிக்குப் பல்பொடி மாதிரி வராது. வெள்ளி தேஞ்சுபோகும்னு முந்தி இருந்த சாமி திட்டுனாங்க. பொறகும் தெரியாம அதுலதான் தொடச்சேன்."

கல்லைத் திருடியதாக ஊரார் சொன்னபோதுகூட அவர் குரல் இப்படி நடுங்கியிருக்காது என்று தோன்றியது. பல்பொடியில் பெரும்பகுதி சுண்ணாம்புத்தூள்தான். என் ஆயிரத்து எண்பத்தாறு பர்மா மலையிலிருந்து வரவில்லை, ஊர் மளிகைக் கடையிலிருந்து வந்திருக்கிறது. நான் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினேன். ஏதோ ஒன்று மூளையில் தட்டியது.

"எப்பலருந்து பல்பொடி?"

"வந்த நாள்லருந்தே. எனக்கு முந்தி இருந்த சவரிமுத்து அண்ணன் அடுப்புச் சாம்பல் வெச்சுத் தேய்ப்பாரு. நான் சாம்பலத் தொட்டதே இல்ல."

போனைக் கட் பண்ணாமல் மேசையில் வைத்துவிட்டு மைக்ராஸ்கோப்புக்கு ஓடினேன். முதல் கல்லின் இடுக்கை ஓரத்திலிருந்து சாய்த்துப் பார்த்தேன். மேலே வெள்ளை. ஆக அடியில், வெள்ளிக்குப் பக்கத்தில், சாம்பல் நிறத்தில் மெலிதாக ஒரு படலம். லேசரை வைத்தால் கரியின் கோடு. வெள்ளைக்கு நடுவில் நூல் மாதிரி இன்னொரு நிறம் தெரிந்தது.

"அண்ணே, லைன்ல இருக்கீங்களா? எப்பவாவது ரோஸ் கலர் பல்பொடி வாங்குனீங்களா?"

"அது எப்பிடி மேடம் தெரியும்?" என்று மலைத்துப்போனார். "மக பெறந்த வருசம். கடையில வெள்ள இல்லன்னு ரோஸ் வாங்கிட்டேன். பீடத்துணியெல்லாம் ரோஸாகி, அம்புட்டுப் பேரும் ஏசுனாங்க. அந்த ஒரு டப்பாவோட சரி."

பதினொரு கல்லையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அடியில் சாம்பல், மேலே வெள்ளை, நூல் கனத்தில் ரோஸ், மறுபடி வெள்ளை. பதினொன்றிலும் அதே வரிசை. முப்பத்திரண்டு வருடத்துத் திருவிழாக்கள் அந்த மயிரிழைச் சந்தில் அடுக்காக உட்கார்ந்திருந்தன. ஒரு கல்லை நடுவில் கழற்றிப் புதுக்கல் வைத்திருந்தால் அந்த இடத்தில் அடுக்கு கலைந்திருக்கும். அடியில் சாம்பல் இருக்கவே இருக்காது.

மிச்சம் ஏழாவது. அதன் விளிம்பை நான்தான் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தேன். ஒரு மனிதரின் மானத்துக்கு இருந்த ஒரே சாட்சியை என் கையால் பஞ்சில் ஒற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டிருக்கிறேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற புத்தி என்று அம்மா என்னைத் திட்டுவாள். அன்றைக்கு அது முழுசாகப் பொருந்தியது.

"முழுசாப் போயிருந்தா அந்தச் சின்னக் கோடு வந்திருக்காதே மேடம்" என்றார் சாமியார்.

அவர் சொன்னது சரிதான். ஒரு மணி நேரம் தேடினோம். நான்கு நகங்களில் கீழே இருந்த நகத்தின் அணைப்பில், குச்சி நுழையாத மூலையில், கடுகில் பாதி அளவுக்கு மிச்சம் இருந்தது. விளக்கைத் திருப்பித் திருப்பி வைத்துக் குவியத்தைச் சரிசெய்தேன். முதலில் வெள்ளை தெரிந்தது. பிறகு ரோஸ் நூல் தெரிந்தது. மறுபடி வெள்ளை. அதற்கடியில் சாம்பல். நகத்தின் மேல் பழைய முலாம் ஒரு கீறல்கூட விழாமல் இருந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாமியாரைப் பார்க்கச் சொன்னேன்.

அவர் வெகுநேரம் பார்த்தார். "அப்ப இந்தக் கல்லு அந்தோணிமுத்து வர்றதுக்கு முந்தியே இங்க இருக்கு" என்றார்.

அதன் பிறகு இரண்டு நாள், விளிம்பைத் தவிர்த்துக் கல்லின் உட்புறத்தை மட்டும் குறிவைக்கிற பெரிய ராமன் கருவியில் பதினொன்றையும் மறுபடி சோதித்தேன். நான்கு கல்லில் நிஜமாகவே உள்ளே சுண்ணாம்புப் பரல் இருந்தது. மீதி ஏழு கல்லுக்கும் உலோகக் கணக்கு அதையே சொன்னது. பர்மாவோடு ஒத்துப்போகிறது என்று இந்த முறை தெரிந்து எழுதினேன்.

5. சாவி

திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து பங்குப் பேரவைக் கூட்டம். இருபது பேர் இருந்தார்கள். அந்தோணிமுத்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் படங்களைச் சுவரில் போட்டுக் காட்டினேன். சாம்பல், வெள்ளை, ரோஸ், வெள்ளை. பீடத்துணி ரோஸான கதை எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. பெண்கள் பக்கத்தில் சிரிப்புக் கேட்டது.

ஆரோக்கியசாமி சார் எழுந்தார். "போன தடவ மாத்தியிருக்காங்கன்னு சொன்னது நீங்கதான அம்மா?"

"ஆமா சார். 'அப்படித்தான் இருக்கும்'னு சொன்னேன். எனக்குத் தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொன்னேன். அந்தக் கல்லச் சுத்தி இருந்தத துடைச்சு அழிச்சதும் நான்தான். ரெண்டையும் ரிப்போர்ட்ல எழுதியிருக்கேன்."

"இப்ப கடுகளவு அழுக்க வெச்சுக்கிட்டுப் பேசுறீங்க. இவரே மாத்திட்டு மறுபடி பல்பொடிய அப்பியிருக்கலாம்ல?"

"நகத்த நிமித்தாம கல்ல எடுக்க முடியாது சார். நிமித்துனா அந்தப் பழைய முலாம் வெடிக்கும். வெடிக்கல. அடியில சாம்பல், நடுவுல நூல் கனத்துக்கு ரோஸு. இத மாத்தி அடுக்க என்னாலயே முடியாது."

அவர் உட்காரவில்லை. முகம் மாறியது. அவருடைய வலி எங்கே என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "அப்ப எங்க தாத்தா கோயிலுக்குப் போலிக் கல்லக் குடுத்தாருன்னு சொல்றீங்க" என்றார்.

"இல்ல சார். அவரு அந்தக் கல்லுகள எப்பிடி வாங்குனாருன்னு வீட்டுல ஏதாவது சொல்லுவாங்களா?"

"பன்னெண்டையும் ஒரே தட்டுல பாத்துப் பாத்துப் பொறுக்குனேன்னு சொல்லுவாரு. சாகுற வரைக்கும் சொன்னாரு."

"அந்தத் தட்டுலயே இதுவும் கெடந்திருக்கு சார். தீயில செஞ்ச கல்லு அப்பத்தான் சந்தைக்கு வந்த புதுசு. வித்தவனுக்கே தெரிஞ்சிருக்குமோ என்னமோ. கண்டுபிடிக்கிற கருவி அன்னைக்கு ரங்கூன் பஜார்ல எவங்கிட்டயும் கெடையாது. உங்க தாத்தா மாணிக்கம்னு நம்பித்தான் வாங்குனாரு, நம்பித்தான் குடுத்தாரு. மத்த பதினொண்ணும் அவரு சொன்ன ஊருதான்."

சாமியார் சட்டைப் பையிலிருந்து அலமாரிச் சாவியை எடுத்து, "அந்தோணிமுத்து, வாங்க" என்றார்.

அந்தோணிமுத்து எழுந்தார், ஆனால் நகரவில்லை. "சாவிய வாங்குனது சார்தான் சாமி. சார் கையால குடுக்கச் சொல்லுங்க."

சாருக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆரோக்கியசாமி சார் சாமியாரிடம் போய்ச் சாவியை வாங்கினார். கடைசி பெஞ்சு வரைக்கும் நடந்து போனார். "தப்பா நெனச்சுட்டேன்யா" என்று இரண்டு கையாலும் கொடுத்தார். அந்தோணிமுத்து வாங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

ஏழாவது கல்லை எடுத்துவிட்டு நல்ல கல் ஒன்று வைக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். "வேணாம். தாத்தா வெச்சது வெச்சபடி இருக்கட்டும்" என்று சொன்னவர் ஆரோக்கியசாமி சார்தான்.

6. கேட்டிருக்க வேண்டிய ஆள்

திருவிழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சாயங்கால வெயிலில் பவனி வந்தது. சாமியார் கதிர்ப்பாத்திரத்தை ஏந்தி வந்தார். அது கடந்து போனதும் அந்தோணிமுத்து கைமணியோடு என் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றார்.

"ஏழாவது எதுன்னு தெரியுதா மேடம்?"

"இம்புட்டு தூரத்துலருந்து எப்பிடிண்ணே தெரியும்?"

"எனக்குத் தெரியும். வெயில்ல அது ஒண்ணு மட்டும் கூடுதலா எரியும். நான் வந்த மொத வருசத்துலருந்தே அப்பிடித்தான். அதுதான் அசல், மத்ததெல்லாம் சுமாருன்னு இம்புட்டு நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு மணியை அடித்துக்கொண்டு நடந்தார்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். அவர் சொன்னது அறிவியல்படி அச்சுப் பிசகாத உண்மை. செய்த கல்லில் இரும்பு துளியும் இல்லாததால் வெயிலில் இயற்கைக் கல்லைவிட அதிகமாகச் சிவந்து எரியும். அந்த ஒரு கல் ஆரம்பத்திலிருந்தே வேறு மாதிரி இருந்தது என்பதை முப்பத்திரண்டு வருடமாகத் தெரிந்து வைத்திருந்த ஆள் ஒருவர் இருந்திருக்கிறார். திருடன் என்று சொன்னவர்களும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்த மாதிரி கையெழுத்துப் போட்ட நானும் கேட்கவில்லை. என் முன்னால் வந்து நின்றபோதுகூட டீ சாப்பிடுங்கள் என்றுதான் சொன்னேன்.

இப்போதும் எங்கள் லேபில் கல்லைக் கழுவுகிறோம். பழைய பொருளாக இருந்தால் கழுவுவதற்கு முன் விளிம்பைப் படம் எடுக்கிறோம். "மாற்றப்பட்டது" என்ற சொல் எந்த ரிப்போர்ட்டிலும் வராது. வருகிறவர்கள் நிரப்பிக் கொடுக்கிற படிவத்தில் பொருளின் பெயர், எடை, உரிமையாளர் எல்லாவற்றுக்கும் மேலே முதல் கேள்வியாக ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் இது என்ன கேள்வி மேடம் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கேள்வி இதுதான்: இதைத் துடைக்கிறவர் யார்?